200 வெள்ளியை எங்கே கட்டிப்போடுவது?

அக்காள் மகனுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. காலை ஐந்தரைக்குச் சுங்கை சிப்புட் சந்தை முனையில் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். திரும்பி வரும்போது இரவு எட்டாகிவிடும். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), அதாவது மலேசியாவில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம். மிகுதி நேரம் செய்தால் இன்னும் கொஞ்சம் வரும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், தேநீர் ஆறும்வரை பேசாமல் இருந்துவிட்டு மெல்ல ஆரம்பித்தான்.

"மாமா, மாதம் 200 வெள்ளி எடுத்து வைக்கலாம் என்றிருக்கிறேன். அம்மா கூட்டில் சேரச் சொல்கிறார். பாட்டி நகை வாங்கு என்கிறார். கூட வேலை செய்பவன் அமானா சஹாம் முதலீட்டு நிதி என்கிறான். எதில் அதிகம் கிடைக்கும்?"

"போன மாதம் இருபதாம் தேதி உன் கையில் எவ்வளவு இருந்தது?"

சிரித்தான். "பதினான்கு வெள்ளி."

அந்தப் பதினான்கு வெள்ளியிலிருந்துதான் ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. எதில் எத்தனை சதவீதம் என்று கேட்பது பணம் சேர்ந்தவர்களின் கேள்வி. மாதம் 200 வீதம் ஆண்டுக்கு 2,400. அது ஒரேயடியாக விழுவதில்லை, மாதாமாதம் சேர்வது. ஆகவே ஆண்டு முழுவதற்கும் சராசரியாகக் கணக்கில் கிடப்பது 1,300 வெள்ளிதான். 3 சதவீதம் தரும் இடத்துக்கும் 5 சதவீதம் தரும் இடத்துக்கும் முதல் ஆண்டில் வித்தியாசம் 26 வெள்ளி. இரண்டு பேர் சந்தைக் கடையில் இரண்டு முறை பசியாறினால் தீர்ந்துபோகும். ஆனால் ஒரு மாதம் கட்டாமல் விட்டால் போவது 200. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வட்டியை மறந்துவிடலாம். எந்த வழியில் போனால் மாதம் தவறாது, எடுக்கப் போகும் கையை எது தடுக்கும் என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

கூட்டிலிருந்து தொடங்குகிறேன், எங்கள் ஊரில் எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டில் சீட்டு என்பார்கள். பன்னிரண்டு பேர், தலைக்கு 200, மாதம் 2,400 சேரும். ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். குலுக்கி எடுப்பதும் உண்டு, ஏலம் கூறி எடுப்பதும் உண்டு. ஏலக் கூட்டில் அவசரக்காரர் "எனக்கு 2,200 போதும்" என்று தள்ளி எடுப்பார். அந்த 200 மற்றவர்களுக்குப் பிரியும். முதலில் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு.

அக்காள் கட்டும் கூட்டு ஒவ்வொரு மாதமும் எட்டாம் தேதி கூடும். வேலைச் சட்டப்படி ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பதால் எட்டு. தோட்டத்து லயங்கள் (வரிசை வீடுகள்) இடிபட்ட பிறகு எல்லாரும் வந்து சேர்ந்த தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), ஒரு வீட்டு முன்வாசலில் ஏழு மணிக்குப் பாய் விரிப்பார்கள். நடத்துகிறவரின் மடியில் நீல அட்டைப் பயிற்சிப் புத்தகம், பக்கத்தில் பெயர்ச் சீட்டுகள் கிடக்கும் பழைய மைலோ டப்பா. பணத்தை யாரும் கைக்குள் மடித்துக் கொடுப்பதில்லை. எல்லார் கண்ணிலும் படும்படி ஒவ்வொரு தாளாகப் பாயில் வைத்துத்தான் கொடுப்பார்கள். ஒரு முறை ஒருவர் வரவில்லை. ஏன் கட்டவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று மறுநாள் நான்கு பேர் அவர் வீட்டு வாசலில் போய்க் கேட்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண் அன்று மாலையே கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டார். என் அக்காள் மின்சாரக் கட்டணத்தை மூன்று மாதம் பாக்கி வைத்ததுண்டு, கூட்டை ஒன்பது ஆண்டுகளில் ஒரு மாதம் தவறவிட்டதில்லை. பன்னிரண்டு ஜோடிக் கண்கள் செய்கிற வேலையை எந்த வங்கியும் செய்வதில்லை.

ஆனால் அந்தக் கண்கள் கட்டுகிறவரைத்தான் பார்க்கின்றன. நடத்துகிறவரை யார் பார்ப்பது? என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் மாதம் 50 வெள்ளிக்கு ஒரு கூட்டு கட்டினார். ஐந்து மாதம் முடிந்தது. ஆறாவது மாதம் நடத்தியவர் வீடு பூட்டிக் கிடந்தது. 250 வெள்ளி அன்றைக்குப் பெரிய பணம். ஒட்டுப்பால் மூட்டை எத்தனை சுமந்திருப்பாரோ. எனக்கு நினைவில் நிற்பது வேறொன்று: எட்டாம் தேதி மாலை அம்மா வழக்கம்போல 50 வெள்ளியை முந்தானை முடிச்சில் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். வாங்க ஆளில்லை.

சட்டமும் அம்மா பக்கம்தான், காலம் கடந்து தெரிந்தது. மலேசியாவில் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971-இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் இருக்கிறது, விளக்கப் பகுதியில் 'சீட்டு' என்ற சொல்லும் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் தமிழ் இப்படியும் ஏறியிருக்கிறது. கைப்பேசி வழியாக முகம் தெரியாதவர்கள் நடத்தும் கூட்டுகளைப் பற்றி நான் பேசவே போவதில்லை. பாய் இல்லை, கண்கள் இல்லை. கூட்டின் நல்லது ஒன்றும் அதில் கிடையாது, கெட்டது மட்டும் முழுதாக இருக்கிறது.

கண்களும் கணக்கும் சேர்ந்திருந்த ஒரு காலம் எங்கள் மக்களுக்கு இருந்தது. 1950-களின் பின்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, வேலையும் வீடும் சேர்ந்து பறிபோன குடும்பங்கள் ஏராளம். சுங்கை சிப்புட்டில் பிறந்த, அப்போது அமைச்சராயிருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தார். ஒரு பங்கு 100 வெள்ளி. ஒரேயடியாகக் கட்ட யாரிடம் இருந்தது? மாதம் 10 வெள்ளி வீதம் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. என் பாட்டியின் தகரப் பெட்டியில் அந்தப் பங்குப் பத்திரம் இருந்தது. பத்து மாதம் என்று சொல்லும்போது சின்னதாகத் தெரிகிறது. மழைக்காலத்தில் மரம் நனைந்து பால் வெட்ட முடியாத நாள்களும் அந்தப் பத்து மாதத்துக்குள்தான் வந்திருக்கும்.

அடுத்தது வங்கி. இதில் பாதுகாப்புக் கவலை இல்லை. ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை அரசாங்கத்தின் வைப்புக் காப்புறுதி உண்டு. எங்கள் பையனுக்கு அந்த எல்லை வந்து இடிக்கப் போவதில்லை. கவலை வேறிடத்தில். என் முப்பதாவது வயதில் நானும் சபதம் போட்டுச் சேமித்தேன். சம்பளம் வந்ததும் 200-ஐக் கணக்கிலேயே விட்டுவைப்பேன். பதினெட்டு, பத்தொன்பதாம் தேதி வாக்கில் சந்தைக்கு எதிரே இருக்கும் ஏ.டி.எம்.முக்கு முன்னால் நிற்பேன். முதலில் 50. "அடுத்த வாரம் போட்டுவிடலாம்." பிறகு இன்னொரு 50. 27-ஆம் தேதி திரையில் 8 வெள்ளிச் சில்லறை தெரியும், இயந்திரம் அதைக் கொடுக்காது. இப்படி ஒன்றரை ஆண்டு. என்னிடம் மன உறுதி இல்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். இப்போது யோசித்தால், தப்பு உறுதியில் இல்லை, இடத்தில்தான். செலவுப் பணமும் சேமிப்புப் பணமும் ஒரே பையில் இருந்தன, பையின் வாய் எப்போதும் திறந்திருந்தது.

வங்கியிடம் எழுதிக்கொடுத்தால், மாதம் இன்ன தேதிக்கு இவ்வளவு தொகையை இன்னொரு கணக்குக்கு அதுவே மாற்றிவிடும். சம்பளம் விழுந்த மறுநாள் என்று தேதி போட்டுவிட்டால் நம் கை படுவதற்கு முன் பணம் நகர்ந்துவிடும். இதைப் புதிய கண்டுபிடிப்பு என்று யாரும் சொன்னால் என் பாட்டி சிரிப்பார். உலை வைக்கும் முன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார், பிடியரிசி. சோறு பொங்கி எல்லாரும் உண்ட பிறகு மிச்சத்தை எடுத்து வைப்பது வேறு, உலைக்கு முன்பே எடுத்து வைப்பது வேறு. அந்த ஒரு பிடி குறைந்ததை இலையில் யாரும் கண்டுபிடித்ததில்லை.

பழக்கம் பிடிபட 21 நாள் போதும் என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் ஓடுகிறது. லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வு வேறு சொல்கிறது: ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள். சிலருக்கு 18 நாளில் வந்துவிடும், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதகமில்லை என்பதும் அதில் தெரிந்தது. அவர்கள் பார்த்தவை தினமும் செய்யும் செயல்கள், சாப்பாட்டோடு பழம் சேர்ப்பது, நடப்பது போல. மாதம் ஒரு முறை பணம் கட்டுவதை 66 முறை செய்ய ஐந்தரை ஆண்டு ஆகும்! மாதச் சேமிப்பு ஏன் பலருக்குக் கடைசிவரை பழக்கமாகவே ஆவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அது புதிய முடிவு. புதிய முடிவு என்றால் புதிய சாக்கும் இருக்கும்.

ஆக, மாதச் சேமிப்பைப் பழக்கத்தை நம்பி விடக்கூடாது, இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். பழக்கம் வேண்டுமென்றால் தினமும் செய்கிற ஒன்றைப் பிடிக்க வேண்டும். அதற்கு உண்டியல் இருக்கிறது. 5 வெள்ளிப் பச்சைத் தாள் கைக்கு வந்தால் செலவழிப்பதில்லை, டப்பாவில் போடுவது என்று சிலர் வைத்திருக்கிறார்கள். 20 வெள்ளி ஆரஞ்சுத் தாளில் செய்பவர்களும் உண்டு, அது கொஞ்சம் வசதியான வீடு. என்னைக் கேட்டால் சேரும் தொகையில் உண்டியலுக்குத்தான் கடைசி இடம், ஆளை மாற்றுவதில் முதல் இடம். கடையில் மீதி வாங்கும்போது 5 வெள்ளித் தாளைப் பார்த்ததும் கை தானாகச் சட்டையின் மேல்பைக்குப் போகிறதே, அந்தக் கணத்தில் செலவு செய்பவனுக்குள் இன்னொருவன் விழித்துக்கொள்கிறான். வங்கியின் தானியங்கி மாற்றம் பணத்தைச் சேர்க்கும், ஆனால் நமக்கு ஒன்றும் கற்றுத்தராது. தோட்டத்தில் ஆள் கூட்டும் பெரட்டு மணிக்கு எழுந்த என் தாத்தா வேலையை விட்டு நின்ற பிறகும் நான்கரைக்கே எழுந்தார் என்றால், மணி தோட்டத்தில் அடிப்பதை நிறுத்திய பின் அவருக்குள் அடித்துக்கொண்டிருந்தது. வங்கிக் கணக்கு எதுவும் நமக்குள் அப்படி அடிக்காது.

தொழிலாளர் சேமநிதிக்கு (ஈ.பி.எஃப்.) வருகிறேன். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 11 சதவீதம், 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 சதவீதம், 221 வெள்ளி. மாதம் 408 வெள்ளி ஏற்கெனவே பையன் பேரில் போய்க்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னபோதுதான் அவனுக்கே தெரிந்தது. "அப்படியானால் நான் சேமிக்கிறேனா?" என்றான். சேமிக்கிறாய், உனக்குத் தெரியாமல். 2024 மே மாதத்திலிருந்து இது மூன்று கணக்காகப் பிரிகிறது: 75 சதவீதம் ஓய்வுக்காலக் கணக்கு, 15 சதவீதம் வீடு, படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கு, 10 சதவீதம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சொந்த விருப்பத்தில் கூடுதலாகவும் கட்டலாம். 2024-க்கு 6.30 சதவீத லாப ஈவு கொடுத்தார்கள். வட்டி மட்டுமே கணக்கென்றால் ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் 200 வெள்ளி கட்டினால் அதில் 150, அவனுடைய 55-ஆவது வயது வரை தூங்கும். பையனுக்கு இப்போது 21. நடுவில் மோட்டார் சைக்கிள் என்ஜின் போகும், அக்காளுக்குச் சர்க்கரை ஏறும். பூட்டு அத்தனை பலமாக இருந்தால் அவசரத்துக்கு ஆலோங் என்னும் வட்டி முதலையிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, சிறப்பு அனுமதிகளின் பேரில் உறுப்பினர்கள் 145 பில்லியன் வெள்ளியை வெளியே எடுத்தார்கள். சேமநிதிக்கு வெளியே பலரிடம் அவசரத்துக்கென்று ஒன்றும் இருக்கவில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

பூட்டே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, வாடிக்கையாளர்களிடம் ஒரு கணக்கைக் கொண்டுபோய்க் காட்டியது: நீங்களே ஒரு தேதியோ தொகையோ குறித்துக்கொள்ளுங்கள், அது வரும்வரை உங்கள் பணத்தை நீங்களே எடுக்க முடியாது, வட்டி கூடுதலாகக் கிடையாது. யார் சேர்வார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். 28 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், அந்தக் கணக்கு காட்டப்பட்ட குழுவின் சேமிப்பு மற்றவர்களுடையதைவிட 81 சதவீதப் புள்ளிகள் அதிகமாக வளர்ந்திருந்தது. 2006-இல் வெளியான ஆய்வு இது. தன் கையைத் தானே நம்பாதவர்கள்தான் பூட்டைத் தேடிப் போனார்கள். அதைப் பலவீனம் என்று நான் சொல்லமாட்டேன்.

நகை. பையனின் பாட்டியோடு சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை. அண்மை ஆண்டுகளில் தங்கம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால் அவர் சொன்னதுதான் பலித்திருக்கிறது. ஆனால் 200 வெள்ளிக்கு இப்போது ஒரு கிராம்கூட வராது. மாதாமாதம் வாங்க முடியாததைப் பல மாதம் வேறெங்கோ சேர்த்துத்தான் வாங்க வேண்டும், அந்த வேறெங்கோதான் இப்போது நம் கேள்வியே. செய்கூலி, சேதாரம் வேறு. வாங்கிய பிறகு, கழுத்தில் இருப்பதை விற்க மனம் வராது என்பது பாட்டியின் வாதம். விற்கமாட்டார்கள், உண்மைதான், அடகு வைப்பார்கள். உரிமம் பெற்ற அடகுக்கடையில் மாதத்துக்கு 2 சதவீதம் வரை வட்டி வாங்கலாம், ஆறு மாதத்துக்குள் மீட்க வேண்டும். தீபாவளிக்கு மீட்டு, பள்ளிக்கூடம் திறக்கும்போது திரும்பவும் வைத்து, ஒரே சங்கிலிக்கு அதன் விலையளவு வட்டி கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒழுங்காக வட்டி கட்டுகிற அந்த ஒழுக்கம் மட்டும் சேமிப்புப் பக்கம் திரும்பியிருந்தால் என்று சில சமயம் தோன்றும்.

அமானா சஹாம் மலேசியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு யூனிட் 1 வெள்ளி, விலை ஏறாது இறங்காது, எல்லா மலேசியர்களும் வாங்கலாம். ஆனால் இந்தியர்களுக்கான ஒதுக்கீடு தீர்ந்துபோய், திறக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டி வரும். ஒழுங்காக வாங்க முடியாததில் ஒழுங்கைப் பழக முடியாது. கையில் இரண்டாயிரம் சேர்ந்த பிறகு போய் வரிசையில் நிற்கலாம். பி.எஸ்.என். வங்கியின் 10 வெள்ளிச் சேமிப்புச் சான்றிதழ் ஒன்று உண்டு. அதைக் குலுக்கலில் போட்டுப் பரிசு கொடுக்கிறார்கள், பரிசு விழாவிட்டாலும் முதல் அப்படியே இருக்கும். நாலு நம்பர் லாட்டரி எடுக்காமல் இருக்க முடியாத ஆள்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம். எங்கள் பையன் அந்த ரகம் இல்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என் முடிவையும் சொன்னேன். சம்பளம் விழுந்த மறுநாள் 150 வெள்ளி வேறொரு வங்கியில் உள்ள கணக்குக்குத் தானாகப் போகட்டும். அந்த வங்கியின் செயலியைக் கைப்பேசியில் இறக்காதே. மீதி 50-ஐ உண்டியலிடம் விட்டுவிடு, பச்சைத் தாள்களாக வரட்டும். 40 வந்தாலும் சரி, 60 வந்தாலும் சரி. மூன்று மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை சேமநிதிக்கு மேல்பணம் கட்டாதே. கூட்டு வேண்டாம். அக்காளை மட்டும் அந்தப் பாயிலிருந்து எழுப்பமாட்டேன், ஒன்பது ஆண்டுகளாக அதே பன்னிரண்டு முகங்கள். ஆனால் அக்காள் முறுக்கு சுட்டு விற்பவர், சம்பளக்காரர் இல்லை. அவரைப் போன்றவர்கள் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் பதிந்துகொண்டு கட்டினால், 2025 முதல் அரசாங்கம், அவர்கள் கட்டியதில் 20 சதவீதம், ஆண்டுக்கு 500 வெள்ளிவரை கூடப் போடுகிறது. மாதம் 100 கட்டினால் ஆண்டுக்கு 240 வெள்ளி சும்மா. எந்தக் கூட்டில் கடைசியாக எடுத்தாலும் இது வராது. அக்காள் கேட்டுவிட்டு, "யாரும் வந்து வாங்கிக்கொண்டு போவார்களா?" என்றார். இல்லை, நாமே போய்க் கட்ட வேண்டும் என்றேன். "அப்படியென்றால் மறந்துபோகும்" என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். நான் இரண்டு மணி நேரம் பேசியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். எட்டாம் தேதி கூட்டுக்குப் போகும் வழியில் அதையும் கட்டிவிடலாமே என்று அவரை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பையன் இரண்டு வாரம் கழித்து வந்தான். கணக்குத் திறந்துவிட்டானாம். செயலி இறக்கவில்லை. உண்டியலுக்கு மைலோ டப்பா வைத்திருக்கிறான், அதில் ஆறு பச்சைத் தாள்கள். ஆனால் வங்கியில் கேட்காமலேயே ஓர் ஏ.டி.எம். அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். "அதை என்ன செய்தாய்?" என்றேன்.

"அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார்."

"வேண்டும்போது?"

"கேட்டால் எதற்கு என்று கேட்பார்" என்றான். ஏற்கெனவே ஒரு முறை கேட்கலாமா என்று அடுக்களை வாசல்வரை போனானாம். சொல்லிக்கொள்ளும்படி ஒரு பதில் தோன்றாமல், தண்ணீர் குடிக்க வந்ததுபோல் ஒரு குவளை மொண்டு குடித்துவிட்டுத் திரும்பிவிட்டானாம்.